செல்வநாயகத்தின் மூன்றாவது கம்பி

எங்கள் கண்டாவளைச் செல்வநாயகத்துக்கு ஒரு கொள்கை உண்டு. யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கேட்டால் கௌரவம் போய்விடுமாம். ஆனால் கொள்கை இருப்பவருக்கும் மண்வெட்டி தேவைப்படுமே. அப்படியான நாளில் ஒழுங்கையைக் கடந்து என் வீட்டுக்கு வருவார். கதிரையில் உட்காருவார். மழையைப் பற்றிக் கதைப்பார், வாய்க்கால் அடைத்துக் கிடப்பதைப் பற்றிக் கதைப்பார். தன் மண்வெட்டிப் பிடி உளுத்துப்போன கதையை, வேறு யாருக்கோ நேர்ந்த துயரம் போலச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். இரண்டாம் தரம் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் எழும்ப மாட்டார். கடைசியில் எனக்குத்தான் பொறுமை போகும்.

"என்ர மண்வெட்டியைக் கொண்டு போங்கோவன்" என்பேன்.

"ஐயோ மாஸ்டர், நான் அதுக்கு வரேல்லை" என்பார். போகும்போது மண்வெட்டி அவர் தோளில் இருக்கும்.

மற்றப்படி நல்ல மனிதர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, தகப்பனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தபோது சிறுவனாக இங்கே வந்தவர். அந்தக் காணியைத்தான் பின்னர் அவரும் தமக்கை இரஞ்சிதமும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு அருகருகே குடியிருந்தார்கள். போரில் எல்லாரையும் போல இடம்பெயர்ந்தார்கள், முகாமில் இருந்தார்கள், திரும்பி வந்தார்கள். இரஞ்சிதத்தின் கணவர் மட்டும் திரும்பி வரவில்லை. அந்த ஓட்டத்தில் இரஞ்சிதத்தின் ஒரே மகள் கஜனி சின்னப் பிள்ளை. அவளைத் தோளில் வைத்து நடந்தவர் செல்வநாயகம். அவருக்கும் மனைவி நாகேஸ்வரிக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்தத் தோளிலிருந்து அவர் அவளை இன்னும் இறக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

திரும்பி வந்த இடத்தில் வேலியும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. பற்றைக்கு நடுவே, எலுமிச்சையை நாங்கள் சொல்கிறபடி, ஒரு தேசிமரம் மட்டும் காய்த்துக் குலுங்கியபடி நின்றது. அது தன் பக்கம் என்று தம்பியின் ஞாபகம் சொன்னது. தன் பக்கம் என்று அக்காவின் ஞாபகம் சொன்னது. சில வருடம் இருவரும் பொதுவாகத்தான் பிடுங்கினார்கள். ஒருநாள் அக்கா முல்லைத்தீவுக்குச் செத்தவீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், கிளுவங்கதியால் நட்டு வேலி அடைத்திருக்கிறது. தேசிமரம் தம்பியின் பக்கம் நிற்கிறது.

இரஞ்சிதம் அன்று கத்தவில்லை. பிறகு கண்டவர் எல்லாரிடமும் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முழு மரத்தையும் குடுத்திருப்பன். அவன் கேக்கேல்லையே."

அதற்குப் பிறகு இருவரும் கதைப்பதில்லை. கதைப்பதில்லை என்றால், நேரே கதைப்பதில்லை. கோபக்காரர்கள் மூன்றாம் ஆளைப் பார்த்துக் கதைத்து இரண்டாம் ஆளுக்குச் சேதி சொல்வதில் எங்கள் ஊர் கெட்டிக்கார ஊர். இரஞ்சிதம் தன் வெள்ளாட்டோடு கதைப்பாள். செல்வநாயகம் மனைவியோடு கதைப்பார். "ஏய் ஆடே, ராத்திரி தண்ணி மோட்டரை நிப்பாட்டாமல் படுத்தால் கரண்ட் பில் ஆர் கட்டுறது?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் குரல் எழும். "இஞ்சேர் நாகேஸ், அந்த மோட்டரைப் போய்ப் பார்" என்று இந்தப் பக்கம் குரல் எழும். அந்த ஆட்டைப் போல உலக விடயம் கேட்ட ஆடு வன்னியில் வேறு இருக்காது.

இந்தச் சண்டையைச் சட்டை செய்யாத ஒரே ஆள் கஜனி. வேலியில் கதியாலை விலக்கி ஆள் நுழையும் பொட்டு ஒன்று போட்டு, அதற்குள்ளால் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தாள். இரண்டு குசினியிலும் சாப்பிட்டாள். உதைபந்தாட்டத்தில் கோல்கீப்பராக நின்று பெயரெடுத்து, கொழும்பு அணி ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். ஆள் போன பிறகு பொட்டில் கிளுவை தழைத்து மூடிக்கொண்டது.

இந்த ஆவணியில் அவளுடைய அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. சனிக்கிழமை நாலு மணிக்கு, கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றில் நேரடி ஒளிபரப்பு. தாய்க்கும் சொன்னாள், மாமி நாகேஸ்வரிக்கும் தனியாகப் போன் எடுத்துச் சொன்னாள். ஊரே குதித்தது. குதித்து முடிந்த பிறகுதான் ஒரு உண்மை உறைத்தது. எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது இந்திய டிஷ். சென்னையில் எந்த மாமியார் எந்த மருமகளுக்குப் பாலில் என்ன கலந்தாள் என்பது வரை தெரியும். கொழும்பு மட்டும் தெரியாது. போனில் பார்க்கலாம் என்றால், எங்கள் பக்கத்தில் சிக்னல் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால்தான் வரும். ஏறி நின்றாலும் படம் நின்று நின்றுதான் ஓடும்.

செல்வநாயகம் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் பரந்தனுக்குப் போனார். அங்கே டிஷ் பூட்டுகிற சிவகரனின் கடையில், விற்காமல் கிடந்த பழைய அலுமினிய அன்டனா ஒன்றை வாங்கினார். அந்த நேரம் சிவகரனிடம் "தம்பி, இதை எந்தப் பக்கம் திருப்புறது, எவ்வளவு உயரத்தில வைக்கிறது?" என்று கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கொள்கை இருக்கிறதே.

அவருடைய அன்டனா அறிவு முழுவதும் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் பெற்றது. அந்தக் காலத்தில் அங்கே அன்டனா என்றால் இந்தியாவைப் பார்க்க வேண்டும். கடலுக்கு அப்பால் இருந்து படம் வர வேண்டும் என்பதால் பனையை விட உயரமாக நிற்க வேண்டும். இந்த இரண்டு சட்டத்தையும் அவர் நெஞ்சில் எழுதி வைத்திருந்தார். கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் தெற்கே கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில் நிற்கிறது. பரந்தனுக்குப் போய் வரும்போதெல்லாம் பேருந்தில் யாராவது அதைக் கைகாட்டிக் கதைப்பார்கள். அதற்கும் தன் அன்டனாவுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். இடுப்பில் வந்த நாரிப்பிடிப்பைப் பற்றிச் சொன்னார். இரும்புக் குழாய் மூன்றை ஒட்ட வைத்தால் தனி ஆள் தூக்குவது கஷ்டம் என்று உலகத்துக்குப் பொதுவாகச் சொன்னார். நான் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

"வாங்கோ, தூக்குவம்."

"ஐயோ மாஸ்டர், நான் அதுக்கு வரேல்லை."

வீட்டின் மேற்குச் சுவரோடு, தண்ணீர்த் தாங்கி இருக்கிற கொங்கிறீற் தட்டுக்குப் பக்கத்தில்தான் குழாயை நிறுத்த அவர் இடம் பார்த்திருந்தார். வயலுக்கு நிலம் மிச்சம் வேண்டும் என்று வீட்டைக் காணியின் ஓரத்தில் கட்டியவர் அவர். அந்தச் சுவருக்கும் அக்காவின் வேலிக்கும் இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போகலாம். இவ்வளவு உயரக் குழாய்க்கு மூன்று திசையில் இழுவைக் கம்பி வேண்டும். ஒன்று முன்னால் நின்ற தென்னைக்கு, ஒன்று பின்னால் மாட்டுக்கொட்டில் தூணுக்கு; இரண்டும் கிழக்குப் பக்கம்தான். மூன்றாவதைக் கட்ட வேலிக்கு இந்தப் பக்கம் இடமே இல்லை. அது அக்காவின் வளவுக்குள் போக வேண்டும். அக்காவின் வளவில் அதற்கென்றே வளர்ந்ததுபோல ஒரு வேம்பு நின்றது.

"மூண்டாவது கம்பி?" என்றேன்.

"ரெண்டு காணும்" என்றார்.

"கச்சான் காத்து மேற்கால அடிக்குது. மேற்குப் பக்கக் கம்பி இல்லாட்டி..."

"ரெண்டு காணும் மாஸ்டர்."

ஆனால் குழாயின் உச்சியில் மூன்று கம்பியும் பூட்டியிருந்ததை நான் கண்டேன். மூன்றாவதை அழகாகச் சுருட்டிக் குழாயோடு தொங்கவிட்டிருந்தார். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இரஞ்சிதம் ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயை நிமிர்த்தினோம். என் முதுகு அன்று சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. செல்வநாயகம் தட்டின் மேல் ஏறி நின்று குழாயைக் கட்டிப்பிடித்தபடி அன்டனாவை மேற்கே, இந்தியாவைப் பார்க்கத் திருப்பினார். உள்ளே நாகேஸ்வரி தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள்.

"வருதோ?"

"இல்லை! இரைச்சல்தான் வருது!"

கொஞ்சம் திருப்பினார். "இப்ப?"

"இப்பவும் இரைச்சல்!"

"உயரம் காணாது போல" என்றார் என்னைப் பார்த்து. தென்னை மரம் அந்தக் குழாயின் இடுப்பளவில் நிற்பது போல எனக்குத் தெரிந்தது. இன்னும் உயரம் வேண்டுமாம். அவரைக் குழாயோடு சேர்த்து அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன்.

அப்போது வேலிக்கு அப்பால் இரஞ்சிதம் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள். "ஏய் ஆடே, மச் நடக்கிறது கொழும்பில. படம் வாறது கொக்காவிலால. சிலபேர் ராமேஸ்வரத்தைப் பாத்துக்கொண்டு நிக்கினம். கடலுக்கால நீந்தி வரும் எண்டு நினைக்கினமோ?"

ஆடு குழையைச் சப்பியது. செல்வநாயகத்தின் முகம் சிவந்தது. பிறகு, "காத்து என்னமாத் திருப்புது பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே, காற்றுக்கு உதவியாகத் தன் இரண்டு கையாலும் அன்டனாவைத் தெற்கே திருப்பினார்.

"ஐயோ, வருதப்பா! ஆக்கள் தெரியினம்! செய்தி வாசிக்கினம்!" என்று நாகேஸ்வரி உள்ளே கத்தினாள்.

செல்வநாயகம் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு கனகாலம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கச்சான் ஒரு மூச்சு விட்டது. குழாய் கிழக்கே சாய்ந்தது. கிழக்குப் பக்கம் போன இரண்டு கம்பியும் தொய்ந்து தொங்கின. மேற்கே இழுத்துப் பிடிக்க ஒன்றும் இல்லை. நான் கீழே அடியைப் பிடித்தேன். அவர் மேலே உடம்பால் கட்டிப்பிடித்தார். குழாயோடு சேர்ந்து அவரும் தட்டின் விளிம்புக்கு இழுபட்டார்.

"தம்பி! விடடா அதை! விட்டிட்டு இருந்திடு!"

இரஞ்சிதம் கத்திய கத்தலில் ஆடு கயிற்றை அறுக்கப் பார்த்தது.

"விடமாட்டன்! பிள்ளையைப் பாக்கோணும்!" என்று அவர் கத்தினார். அடுத்த மூச்சில், "அக்கா, கம்பி!" என்றார். ஒரு காலால் சுருளை எத்திவிட்டார். அது பிரிந்து வேலிக்கு மேலால் போய் அந்தப் பக்கம் விழுந்தது. இரஞ்சிதம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி அதைப் பிடித்தாள். முழுப் பாரத்தையும் பின்னால் போட்டு இழுத்தாள். குழாய் மெல்ல நிமிர்ந்தது. வேம்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டினாள். காற்று மறுபடி அடித்தபோது கம்பி விண்ணென்று நின்றது.

சரி, எல்லாம் முடிந்தது, இனி இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் நினைத்தேன். எங்கள் ஆட்களை இவ்வளவு காலம் பார்த்தும் நான் திருந்தவில்லை. அவர் மெதுவாக ஏணியால் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் ஆட்டைப் பார்த்து, "பயந்திட்டியோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். ஆபத்துக்குக் கதைத்தது கணக்கில் வராதாம். எனக்கு இரண்டு பேர் மேலும் பொல்லாத கோபம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் செல்வநாயகம் தொலைக்காட்சியைத் தூக்கி விறாந்தையில் வைத்தார். உள்ளே வெக்கையாம். வீட்டில் உள்ள கதிரை எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டார். பிறகு வேலிப் பக்கம் திரும்பி நின்று மனைவியிடம் உரத்த குரலில் சொன்னார்.

"இஞ்சேர் நாகேஸ், நாலு மணிக்கு ஆரும் வந்தால் இருக்கக் கதிரை கிடக்குது!"

பக்கத்தில் நின்ற நாகேஸ்வரி காதைப் பொத்தினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பதில் வந்தது. "ஏய் ஆடே, கூப்பிடாத வீட்டுக்கு நான் ஒரு நாளும் போறேல்லை."

செல்வநாயகம் கதிரையில் உட்கார்ந்தார், எழும்பினார், மறுபடி உட்கார்ந்தார். ஒழுங்கையில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். திரையில் மைதானம் தெரிந்தது. அணிகள் வரிசையாக வந்து நின்றன. பெற்றவள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள், மாமன் இந்தப் பக்கம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். நானே போய்க் கூப்பிடுவோம் என்று எழும்பினேன். நாகேஸ்வரி என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"நீங்கள் போகாதேங்கோ மாஸ்டர். அவர்தான் போகோணும்."

நடுவர் காசைச் சுண்டிப் போட்டார். செல்வநாயகம் எழும்பி வேலியடிக்குப் போனார். தொண்டையைச் செருமினார். மண்வெட்டிக்கு மழையைப் பற்றித் தொடங்குபவர் இப்போது எதைத் தொடங்குவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றையும் தொடங்கவில்லை.

"அக்கா" என்றார். மறுபடி சொன்னார். "அக்கா, பிள்ளை விளையாடப் போறாள். வாவன். வந்து பாரன், உன்னைக் கேக்கிறன்."

வேலிக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கிட்ட வந்து நின்றது.

"எந்தப் பக்கத்தால வாறது?" என்றாள் இரஞ்சிதம். "படலையால சுத்தி வர மச் துடங்கிடும்."

செல்வநாயகம் வீட்டுக்குள் ஓடினார். கத்தியோடு வந்து கிளுவையை வெட்டினார். கஜனியின் பழைய பொட்டு எது, புதிதாக வெட்டியது எது என்று பார்க்காமல், ஒரு மாடு போகிற அளவுக்கு வெட்டிப் போட்டார். இரஞ்சிதம் முள்ளில் சேலை பிடிக்க, தலையைக் குனிந்து உள்ளே வந்து, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் முன் கதிரையில் உட்கார்ந்தாள். ஆடும் பின்னால் வந்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

அந்தத் தொலைக்காட்சிக்காரருக்குக் கோல்கீப்பர் என்றால் என்ன பகையோ தெரியவில்லை. கஜனி நிற்கிற பக்கத்தைக் காட்டவே இல்லை. பந்து மறுபக்கத்திலேயே ஓடியது. எங்கள் பிள்ளைகள் நன்றாக விளையாடுகிறார்கள் என்று அதற்குப் பொருள் என்று நான் விளக்கினேன். ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. கடைசியில் எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு வந்து அடித்தாள். கஜனி பாய்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புல்லில் விழுந்தாள். விறாந்தை முழுக்க எழும்பிக் கத்தியது. அவள் எழுந்து நின்று தலைமுடியை ஒதுக்கியபோது முகத்தைக் கிட்டவாகக் காட்டினார்கள்.

"மெலிஞ்சு போனாள்" என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில்.

பிறகுதான் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். இரஞ்சிதத்தின் கண் நிறைந்திருந்தது. செல்வநாயகம் நாகேஸ்வரியைப் பார்த்து, "அக்காவுக்குத் தேத்தண்ணி போடு, சீனி குறைச்சு" என்றார். எத்தனை வருடத்துக்கு முன்னர் குடித்த தேத்தண்ணியின் சீனி அது! எனக்கும் கண் கலங்கியது. கச்சான் காற்றின் புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன். போட்டியில் எங்கள் பிள்ளைகள் தோற்றுப் போனார்கள். ஊர் துக்கப்பட்டது. அந்த இரண்டு பேரும் துக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது இருவரும் நேரே சண்டை பிடிக்கிறார்கள். முன்பு ஆட்டுக்கு விழுந்த பேச்செல்லாம் இப்போது ஆளுக்கே விழுகிறது. பெரும்பாலும் அந்தக் கம்பியால்தான் சண்டை. வேம்படியில் அது தாழ்வாக வருகிறது. இரஞ்சிதம் தோய்த்த சேலைகளை அதில் காயப் போடுகிறாள். காற்றில் சேலை அடிக்க, மேலே அன்டனா ஆட, உள்ளே செய்தி வாசிப்பவருக்கு வலிப்பு வந்ததுபோல ஆகிறது. "அக்கா, சீலையை எடு! படம் ஆடுது!" என்று அவர் கத்துவார். "உன்ர படத்துக்காக நான் ஈரச்சீலை உடுக்கிறதோ?" என்று அவள் கத்துவாள். பொட்டால் வந்து நின்றும் கத்துவாள். பிறகு தேசிக்காய் நாலைப் பிடுங்கிக்கொண்டு போவாள்.

போன மாதம் வேறு வேலையாக வந்த சிவகரன் அந்தக் குழாயை அண்ணாந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"என்ன ஐயா இது? கொக்காவில் உதில கிடக்குது. ஒரு சின்னக் குழாயைச் சுவரில பூட்டினால் காணுமே. இழுவைக் கம்பி ஒண்டும் தேவையில்லை. இருங்கோ, நான் இப்பவே கழட்டிச் சின்னனா மாத்தித் தாறன். படமும் ஆடாது."

நான் செல்வநாயகத்தைப் பார்த்தேன். அன்று காலையும் சேலைக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர் அவர். குழாயை அடியிலிருந்து உச்சி வரை ஒருமுறை பார்த்தார். பிறகு மேற்கே போன கம்பியை அது போகும் இடம் வரை பார்த்தார்.

"வேண்டாம் தம்பி, கிடக்கட்டும்" என்றார். "அதில அக்கா சீலை காயப் போடுறவா."